விடுதி அறையில் ஒரே போர்ட், நான்கு கருவிகள்: இணைப்பது எப்படி?

விடுதி அறைச் சுவரில் பெரும்பாலும் ஒரே ஒரு நெட்வொர்க் போர்ட்தான் இருக்கும். எங்கள் அறையில் இரண்டு பேர், இரண்டு லேப்டாப், ஒரு டெஸ்க்டாப், ஒரு பிரின்டர். வைஃபைதான் இருக்கிறதே, எதற்கு இந்த வம்பு என்று கேட்பீர்கள். விடுதியே விழித்திருக்கும் ராத்திரி நேரத்தில் அந்த வைஃபையில் ஒரு வீடியோ வகுப்பைத் திறந்து பாருங்கள், பதில் தானாகக் கிடைக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. பல விடுதி வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்து வைத்திருப்பார்கள். பிரின்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் லேப்டாப்பின் கண்ணுக்குத் தெரியாது.

இதைச் சரிசெய்யப் போய் முதல் நாளே எங்கள் மாடியில் பாதிப் பேருக்கு இணையத்தை நிறுத்தியவன் நான். நான்கு நாள் எங்கள் போர்ட்டை மூடி வைத்தார்கள். என்ன தப்பு செய்தேன் என்பது 7ஆவது படியில் இருக்கிறது. நேரமில்லாதவர்கள் அதை மட்டும் படித்தாலும் பாதிப் பயன் உண்டு.

1. உங்களுக்கு என்ன வேண்டும்?

எல்லாக் கணினிக்கும் இணையம் வேண்டுமா, அல்லது இரண்டு கணினிகளுக்கு நடுவே கோப்புகளை மாற்றினால் போதுமா? இரண்டாவது என்றால் நீங்கள் ஒரு கேபிளைத் தவிர எதுவும் வாங்க வேண்டாம், யாரிடமும் அனுமதியும் கேட்க வேண்டாம். ஒரு சாதாரண நெட்வொர்க் கேபிளை இந்தக் கணினியில் ஒரு முனை, அந்தக் கணினியில் ஒரு முனை என்று சொருகினால் போதும். குறுக்குக் கம்பி வைத்த தனிக் கேபிள் வேண்டும் என்று இன்னமும் சிலர் சொல்வார்கள். அது பழைய கதை. ஜிகாபிட் போர்ட் உள்ள கணினிகள் தாங்களே சரிசெய்துகொள்ளும். இரண்டும் 169.254 என்று தொடங்கும் நெட்வொர்க் முகவரி எண்ணை (ஐபி முகவரி) எடுத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடும். சுவர்ப்பக்கமே போக வேண்டியதில்லை, இணையம் வைஃபையில் வந்துகொண்டிருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் இணையம் வேண்டும் என்பவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

2. கடைக்குப் போகும் முன் விதிகளைப் படியுங்கள்

நான் ரூட்டரை வாங்கிய பிறகுதான் விதியைப் படித்தேன். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். சேர்க்கையின்போது கையெழுத்து வாங்கிய தாள்களில் நெட்வொர்க் பயன்பாட்டு விதிகள் என்று ஒன்று இருக்கும். அதில் நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்.

சொந்த ரூட்டர் வைக்கலாமா? ஸ்விட்ச் வைக்கலாமா? இவை இரண்டும் ஒன்றல்ல (என்ன வித்தியாசம் என்பது 4ஆவது படியில்), ஒன்றைத் தடுத்து மற்றதை அனுமதிக்கும் இடங்கள் நிறைய. ஒரு மாணவர் எத்தனை கருவிகளைப் பதிவு செய்யலாம்? நெட்வொர்க்கில் நுழைய எந்த முறை: உலாவியில் திறக்கும் பக்கத்தில் பெயரும் கடவுச்சொல்லும் தட்டுவதா, கருவியின் மேக் முகவரியை (நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) பதிவு செய்வதா, அல்லது 802.1எக்ஸ் என்ற முறையில் கணினியே பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்புவதா?

விதியில் இல்லாவிட்டால் ஹெல்ப்டெஸ்க்குக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போய் வாய்மொழியாகக் கேட்டு, 'வச்சுக்கோங்க, ஒண்ணும் பிரச்சினையில்லை' என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். அப்படிச் சொன்னவர், போர்ட் மூடப்படும் நாளில் விடுப்பில் இருப்பார். எழுத்தில் ஒரு வரி இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

3. சுவர் போர்ட்டுக்கு உயிர் இருக்கிறதா?

லேப்டாப்பை நேராகச் சுவரில் சொருகிப் பாருங்கள். லேப்டாப் போர்ட்டை ஒட்டியிருக்கும் சின்ன விளக்கு எரியாவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்கள். அப்போதும் எரியவில்லை என்றால் அந்தப் போர்ட்டை மறுமுனையில் யாரும் இணைக்கவே இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம். பூட்டிய ஓர் அறையில் இருக்கும் அவர்களுடைய ஸ்விட்சில் ஆள் போய்ச் சொருகினால்தான் உயிர் வரும். அதற்குப் போர்ட் எண் கேட்பார்கள். எங்கள் அறையில் அந்த ஸ்டிக்கர்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டிருந்தார்கள். மேசையை நகர்த்தி, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, நகத்தால் சுரண்டித்தான் எண்ணைப் படித்தோம். ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், 6ஆவது படியில் மறுபடி தேவைப்படும்.

லேப்டாப்பில் நெட்வொர்க் போர்ட் இல்லாதவர்கள் யுஎஸ்பி அடாப்டர் வாங்க வேண்டியிருக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. மேக் முகவரி அடாப்டருக்குச் சொந்தமானது, லேப்டாப்புக்கு அல்ல. உங்கள் பெயரில் பதிவான அடாப்டரை நண்பர் இரவல் வாங்கிப் போனால், அவர் செய்யும் எல்லாமும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

4. மூன்று வழிகளில் ஒன்று

முதல் வழி, ஸ்விட்ச். சுவரில் இருந்து வரும் ஒரு கேபிளை நான்காகப் பிரிக்கும், ஐந்து போர்ட் உள்ள சின்னப் பெட்டி. அமைப்பு எதுவும் கிடையாது, மின்சாரத்தில் சொருகினால் வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு கணினியும் தனித்தனி மேக் முகவரியோடு வெளியே தெரியும். ஒரு போர்ட்டில் ஒரே ஒரு கருவிதான் என்று பூட்டியிருக்கும் விடுதிகளில் முதல் கணினிக்கு மட்டும் இணையம் வரும், இரண்டாவதைப் போட்டதும் சில இடங்களில் போர்ட்டே மூடிக்கொள்ளும். ஒருவருக்குப் பல கருவிகளை அனுமதிக்கும் இடமென்றால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான் சிறந்த வழி.

இரண்டாவது வழி, ரூட்டர். வெளியே ஒரே கருவியாகத் தெரியும், உள்ளே எத்தனை கணினி இருந்தாலும் அந்த ஒரு முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். உலாவியில் உள்நுழையும் முறை இருக்கும் இடங்களில், பெரும்பாலும் ஒருவர் ஒருமுறை உள்நுழைந்தால் எல்லாருக்கும் திறந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? அதன் மறுபக்கம் இது: உங்கள் அறைத்தோழர் எதைப் பதிவிறக்கினாலும் உங்கள் பெயரில்தான் பதிவாகும். யார் பெயரில் ரூட்டர், எதைச் செய்யக்கூடாது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். சங்கடமாக இருக்கும், பரவாயில்லை.

மூன்றாவது வழி, ஒரு கணினியையே வாசலாக வைப்பது. 802.1எக்ஸ் இருக்கும் இடங்களில் பல சமயம் இதுதான் கைகொடுக்கும், ஏனென்றால் வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலானவற்றுக்கு அந்த முறையில் உள்ளே நுழையத் தெரியாது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மாற்று மென்பொருளைப் போட்ட ரூட்டரால் முடியும், ஆனால் அது பொறுமைசாலிகளுக்கான வேலை. சில ஸ்விட்ச்கள் அந்தச் சரிபார்ப்புச் செய்தியையே கடத்தாமல் விழுங்கிவிடும். கணினி வழி எளிது: ஒரு கணினி சுவரில் இணைந்து உள்நுழையும், அங்கிருந்து மற்றவற்றுக்குப் பகிரும். விண்டோஸில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை இயக்கினால் 8 கருவிகள் வரை சேரலாம், ஆப்பிள் மேக் கணினியில் இன்டர்நெட் ஷேரிங் என்று இருக்கும், ஆனால் 802.1எக்ஸ் வழியாக வந்த இணைப்பை அது பகிராது. வாசலாக இருக்கும் கணினி தூங்கினால் மற்றதெல்லாம் செத்துவிடும் என்பதுதான் இதில் குறை. ஸ்லீப்பை அணைத்து வையுங்கள். இதையும் ரூட்டராகவே கருதும் விதிகள் உண்டு, அனுமதி கேட்கும்போது இதைச் சேர்த்துக் கேளுங்கள்.

ரூட்டர் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தால், லேப்டாப்பின் மேக் முகவரியை ரூட்டரில் நகலெடுத்து ஒளித்து வைக்கலாம் என்று மேல் வகுப்பு அண்ணன் யாராவது சொல்லிக்கொடுப்பார். வேண்டாம். பிடிபட்டால் போர்ட்டோடு நிற்காது, கணக்கையே முடக்குவார்கள், பாடங்களைச் சமர்ப்பிப்பதும் அதே கணக்கில்தான்.

5. வாங்க வேண்டியவை

கேபிள்தான் இருப்பதிலேயே மலிவு. அமைப்பு வசதி இல்லாத ஐந்து போர்ட் ஸ்விட்ச் அடுத்தது, பிறகு ரூட்டர். ரூட்டரைப் பழையதாக வாங்கிச் செலவைக் குறைக்கலாம், ஆனால் அதோடு வந்த மின் அடாப்டர் அதனுடையதுதானா என்று பாருங்கள். 9 வோல்ட் கேட்கும் பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டரைச் சொருகினால் கருகிப்போக வாய்ப்பிருக்கிறது. முனை பொருந்துகிறது என்பதால் மின்சாரமும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள்.

கேபிளில் கேட்5ஈ போதும். 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகம் தாங்கும், உங்கள் அறை அவ்வளவு நீளம் இல்லை. விலை கூடிய கேட்7, கேட்8 என்று கடைக்காரர் காட்டினால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். காசை நீளத்தில் போடுங்கள். கதவைச் சுற்றிப் போகும் கேபிள் மூன்று மீட்டர் என்று கண்ணால் தோன்றும், அளந்தால் ஐந்து வரும்.

பெட்டி வாங்கும்போது எல்லாப் போர்ட்டும் ஜிகாபிட்தானா என்று மட்டும் கேளுங்கள். 100 மெகாபிட் பெட்டிகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. 50 ஜிபி கோப்பை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, அதில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஜிகாபிட்டில், டிஸ்க் வேகம் தாங்கினால், ஏழெட்டு நிமிடம்.

6. பதிவு: கையில் என்ன இருக்க வேண்டும்

மாணவர் அடையாள அட்டை, அறை எண், சுவர் போர்ட் எண் (அந்தப் படம்), கருவியின் பெயரும் மாடலும், மேக் முகவரி. பெரும்பாலும் இவ்வளவுதான் கேட்பார்கள்.

மேக் முகவரி என்பது 12 எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை. அதில் எட்டும் ஆங்கில பி எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும், எண்களில் 0 உண்டு, ஆனால் ஓ எழுத்து அதில் வரவே வராது. கையால் எழுதாமல் நகலெடுத்து ஒட்டுங்கள். ரூட்டருக்கு இன்னொரு சிக்கல்: பெட்டியின் அடியில் அச்சடித்திருக்கும் முகவரி பல சமயம் உள்பக்க முகவரி. விடுதி நெட்வொர்க் பார்ப்பது வெளிப்பக்க முகவரியை, அது பெரும்பாலும் கடைசி எழுத்தில் மட்டும் வேறுபடும். ரூட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து வேன் (WAN, அதாவது வெளிப்பக்கம்) பகுதியில் இருப்பதை எடுங்கள். ஸ்டிக்கரைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டு இரண்டு நாள் தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன்.

போன்களையும் பதிவு செய்வதாக இருந்தால், ஆண்ட்ராய்டு 10இலிருந்தும் ஐஓஎஸ் 14இலிருந்தும் வைஃபையில் போலி மேக் முகவரியைக் காட்டுவதுதான் வழக்கம். அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் அதை அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் நெட்வொர்க்கை மறந்து மறுபடி சேரும்போது பதிவு செல்லாமல் போகலாம்.

எவ்வளவு நாள் ஆகும்? தானியங்கிப் பக்கமாக இருந்தால் சில நிமிடம், ஆள் பார்த்து அனுமதிக்க வேண்டும் என்றால் சில வேலை நாட்கள். பருவம் தொடங்கும் வாரத்தில் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். முடிந்தால் அறை ஒதுக்கியதுமே விண்ணப்பியுங்கள், வாரக் கடைசி நாள் மாலையில் மட்டும் எதையும் புதிதாகச் சொருகாதீர்கள். எங்கள் நான்கு நாளில் இரண்டு நாள் அலுவலகம் பூட்டியிருந்ததால் போனவை.

7. ரூட்டரைத் தனியாக அமையுங்கள், சுவர் கடைசியில்

என் தப்பு இதுதான். ரூட்டரின் பின்பக்கத்தில் ஐந்து ஓட்டைகள் இருந்தன. நான்கு ஒரே நிறம், ஒன்று மட்டும் வேறு நிறம். சுவர்க் கேபிளை அந்த நான்கில் ஒன்றில் சொருகினேன். எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த நான்கு ஓட்டைகளும் லேன் (LAN, அதாவது உள்பக்கம்) பக்கம். தன் பின்னால் இருக்கும் கணினிகளுக்கு முகவரி கொடுப்பது ரூட்டரின் வேலை. லேன் பக்கத்தைச் சுவரில் சொருகியதும், என் ரூட்டர் மாடி முழுவதையும் தன் வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்து, முகவரி கேட்டவர்களுக்கெல்லாம் விடுதியின் சர்வரை முந்திக்கொண்டு 192.168.1 என்று தொடங்கும் முகவரியை அள்ளிக் கொடுத்தது. வாங்கியவர்களின் கணினி, இணையத்துக்கு என் ரூட்டரிடம் வந்து நிற்கும். அதற்கோ வெளியே போக வழியே இல்லை. 'இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை' என்று வரிசையாக அறைக்கதவுகள் திறந்தன. நானும் வெளியே வந்து, ஆமாம், எனக்கும் வரவில்லை என்றேன். அரை மணி நேரத்தில் எங்கள் போர்ட் விளக்கு அணைந்தது.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்:

முதலில் ரூட்டரை மின்சாரத்தில் மட்டும் சொருகி, ஒரு கணினியை லேன் ஓட்டையில் இணையுங்கள். பழைய ரூட்டர் என்றால் ஊசியால் ரீசெட் பொத்தானைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். உலாவியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 அல்லது அடியில் எழுதியிருக்கும் முகவரியைத் திறந்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, ஃபர்ம்வேர் (ரூட்டரின் உள் மென்பொருள்) புதுப்பிப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். உள்பக்க முகவரியை 192.168.50.1 போல வேறொன்றாக மாற்றுவது நல்லது. விடுதி நெட்வொர்க்கும் அதே 192.168.1 வரிசையில் இருந்தால் ரூட்டருக்கு உள் எது, வெளி எது என்று குழம்பிவிடும்.

அப்புறம் சுவர்க் கேபிளைக் கையில் எடுங்கள். வேன் அல்லது இன்டர்நெட் என்று எழுதியிருக்கும் அந்தத் தனி நிற ஓட்டையில்தான் சொருக வேண்டும். நான் இப்போது மற்ற ஓட்டைகளில் பயன்படாதவற்றின்மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

முன்பு லேப்டாப்பை நேராகச் சொருகியிருந்தீர்கள் அல்லவா, சுவர் அதன் மேக் முகவரியை இன்னும் நினைவில் வைத்திருக்கலாம். ரூட்டருக்கு உடனே முகவரி வராவிட்டால் கேபிளைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டுச் சொருகுங்கள். அப்போதும் இல்லையென்றால் அவர்கள் பக்கத்தில் அழிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதுதான்.

ஸ்விட்ச் வைத்தவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, ஆனால் வேறொன்று உண்டு. அறையைப் பெருக்கும்போது ஒரு கேபிள் முனை தொங்குவதைப் பார்த்து, அட விழுந்துவிட்டதே என்று யாராவது காலி ஓட்டையில் சொருகிவிடுவார்கள். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருக்கும். அனுப்பிய செய்தி சுற்றிச் சுற்றி வந்து பெருகி, எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்து மின்னும். அதைக் கண்டால் யோசிக்காமல் சுவர்க் கேபிளை முதலில் பிடுங்குங்கள்.

8. வைஃபையை அணைக்கலாமா?

கேபிளே போதும் என்றால் அணையுங்கள். பல விதிகளில் ரூட்டருக்கு அனுமதி இருந்தும் அதன் வைஃபைக்கு இருக்காது. அனுமதி இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, அலைவலிமையைக் குறையுங்கள், அறையைத் தாண்டி எதற்கு? 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று, அதில்தான் மாடி முழுவதும் சண்டை போடுகிறது. டபிள்யூபிஏ2 அல்லது 3 என்ற பாதுகாப்பு முறையில் கடவுச்சொல் கட்டாயம். டபிள்யூபிஎஸ்ஸை (கடவுச்சொல் தட்டாமல் பொத்தானிலோ சின்ன எண்ணிலோ சேர விடும் வசதி) அணையுங்கள்.

9. கணினிகள் ஒன்றையொன்று பார்க்க

ரூட்டருக்குப் பின்னால் இருந்தால் விண்டோஸில் அந்த இணைப்பைப் பிரைவேட் என்று மாற்றி, நெட்வொர்க் டிஸ்கவரியையும் கோப்புப் பகிர்வையும் இயக்குங்கள். ஸ்விட்ச் மட்டும் வைத்திருந்தால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள், நீங்கள் பகிரும் கோப்புறை அறைத்தோழருக்கு மட்டுமல்ல, பக்கத்து அறைகளுக்கும் தெரியக்கூடும். கடவுச்சொல் இல்லாமல் 'எல்லாருக்கும்' என்று பகிர வேண்டாம்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம்: மற்றக் கணினி பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும், நீங்கள் தினமும் தட்டும் நான்கு இலக்கப் பின்னைக் கொடுப்பீர்கள், தப்பு என்று சொல்லும். அந்தப் பின் எண் அந்தக் கணினிக்கு மட்டுமே. கேட்பது கணக்கின் உண்மையான கடவுச்சொல். கடவுச்சொல்லே வைக்காத கணக்கு என்றால் நெட்வொர்க் வழியாக உள்ளேயே விடாது.

10. வேலை செய்யவில்லையா?

சுவரில் இருந்து தொடங்கி உள்ளே வாருங்கள். சுவரில் நேராக லேப்டாப், பிறகு ரூட்டரோடு ஒரே ஒரு கணினி, பிறகு ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெடுத்தது என்று விடியும்வரை தெரியாது.

கணினிக்கு 169.254 முகவரி வந்திருந்தால் யாரும் முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம், கேபிளையும் பதிவையும் பாருங்கள். முகவரி சரியாக இருந்தும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால், உள்நுழையும் பக்கம் மறைந்திருக்கலாம்: பூட்டுக்குறி இல்லாத சாதாரண எச்டிடிபி முகவரி ஒன்றைத் தட்டினால் அது எட்டிப் பார்க்கும். வேகம் சரியாக 100இல் நின்றுவிட்டால் கேபிளைச் சந்தேகியுங்கள். 100க்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு கம்பி அறுந்தால் பல சமயம் இணைப்பு அறுபடாமல் வேகம் மட்டும் இறங்கிவிடும். எங்களுடையது கட்டில் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

11. அறையைக் காலி செய்யும்போது

பதிவு செய்த கருவிகளை உங்கள் கணக்கிலிருந்து நீக்குங்கள், முக்கியமாக விற்கப்போகும் ரூட்டரை. அதை ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். மின் அடாப்டரையும் பெட்டியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். சுவரிலிருந்து முதலில் வந்த கேபிள் விடுதியுடையது என்றால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், சாவி வாங்கும்போது அதையும் எண்ணுகிறார்கள்.